காரின் எக்ஸாஸ்ட் சத்தம்: எந்தப் பாகம் என்ன செய்கிறது, எங்கே கை வைக்கலாம்

காரின் சத்தம் கெத்தாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். பின் பம்பருக்கு அடியில் இருக்கும் பெட்டியைக் கட்டிங் வீலால் அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு 'ஃப்ரீ ஃப்ளோ' குடுவையை வெல்டிங் வைத்து அனுப்பிவிடுவார்கள். கடை வாசலில் ரேஸ் கொடுத்துப் பார்க்கும்போது பிரமாதமாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஏறி ஒரே வேகத்தில் போகும்போதுதான் வேதனை ஆரம்பிக்கும். காதை அடைக்கும் 'ம்ம்ம்' என்ற முழக்கம் விடாமல் கூடவே வரும். பின் சீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல முடியாது. சத்தம் கேட்டீர்கள், சத்தம் கொடுத்தார். எக்ஸாஸ்டில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஒலியின் ஒரு குறிப்பிட்ட பகுதியை விழுங்குகிறது. எது எதை விழுங்குகிறது என்று தெரியாமல் ஒன்றை அறுத்தெடுத்தால், வேண்டிய ஒலியோடு வேண்டாத ஒலியும் சேர்ந்தே வெளியே வரும். அதனால் இன்ஜினில் தொடங்கி டெயில் பைப் வரை வரிசையாகப் போவோம்.

1. உங்கள் இன்ஜினின் எண்ணைக் கணக்கிடுங்கள்

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். வால்வு திறந்ததும் அது ஒரு அடியாக வெளியே பாய்கிறது. இந்த அடிகளின் வரிசைதான் நாம் கேட்கும் சத்தத்துக்கு மூலம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அடிக்கும். எனவே கணக்கு எளிது: ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) 60-ஆல் வகுத்து, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது ஒரு நொடிக்கு எத்தனை அடி என்ற எண், அதாவது ஹெர்ட்ஸ்.

ஒற்றை சிலிண்டர் புல்லட் 1,000 ஆர்பிஎம்மில் நிற்கும்போது நொடிக்கு எட்டு அடிகள்தான். நம் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஒரு சுரமாகக் கேட்காது, தனித்தனி அடியாகத்தான் கேட்கும். 'டப் டப்' வருவது அதனால்தான்.

கார்களில் இதை நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க ஸ்விஃப்ட் நல்ல உதாரணம். 2024-ல் வந்த புதிய ஸ்விஃப்டில் பழைய நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் இன்ஜினுக்குப் பதிலாக மூன்று சிலிண்டர் 1.2 லிட்டர் இன்ஜின் வந்தது. கொள்ளளவில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் 3,000 ஆர்பிஎம்மில் பழையது 100 ஹெர்ட்ஸ், புதியது 75 ஹெர்ட்ஸ். அதே 100 ஹெர்ட்ஸை எட்ட மூன்று சிலிண்டர் இன்ஜின் 4,000 ஆர்பிஎம் வரை ஏற வேண்டும். பழைய வண்டியின் சத்தத்துக்குப் பழகியவர்கள் புதியதில் ஒரு கரகரப்பு இருப்பதாகச் சொல்வதில் ஆச்சரியமே இல்லை. எந்த மஃப்ளரை (சத்தம் அடக்கும் பெட்டி) போட்டாலும் மூன்று சிலிண்டரை நான்காக ஒலிக்க வைக்க முடியாது. மறுமுனையில் லெக்ஸஸ் எல்எஃப்ஏ இருக்கிறது. 4.8 லிட்டர், பத்து சிலிண்டர், யமஹாவுடன் சேர்ந்து உருவாக்கிய இன்ஜின். 9,000 ஆர்பிஎம்மில் அதன் அடிப்படை ஒலி 750 ஹெர்ட்ஸ். அந்த அலறலை நான்கு சிலிண்டர் காரில் கேட்க வேண்டுமென்றால் 22,500 ஆர்பிஎம் சுற்ற வேண்டும்!

இந்த எண் அடிப்படை மட்டும்தான். அதன் இரு மடங்கு, மும்மடங்கு ஒலிகளும் சேர்ந்தே வரும். அவற்றில் எவை மிஞ்சுகின்றன, எவை அடங்குகின்றன என்பதில்தான் ஒரு காரின் குரல் இருக்கிறது. அடிகள் சம இடைவெளியில் வந்தால் ஒலி வழுவழுப்பாக இருக்கும். இடைவெளி தப்பினால் இடையிடையே வேறு ஒலிகளும் முளைக்கும், அப்போது அந்த 'குடுகுடு' வரும். அமெரிக்க வி8 கார்களில் எட்டு சிலிண்டரையும் சேர்த்துப் பார்த்தால் அடிகள் 90 டிகிரிக்கு ஒன்றாகச் சீராகத்தான் வருகின்றன. ஆனால் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் எடுத்தால் இடைவெளி 90, 180, 270, 180 என்று நொண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் குழாய் இருப்பதால் அந்த நொண்டல் காதுக்கு எட்டுகிறது. ஃபெராரியின் வி8-இல் கிராங்க் அமைப்பே வேறு. அடிகள் இடம் வலமாக மாறி மாறி வரும். அதனால் அது குடுகுடுக்காது, கத்தும்.

2. எதையும் கழற்றும் முன் பதிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒலியை அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. ஒருவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் இருப்பவர் போனைக் காது உயரத்தில் பிடித்துக்கொள்ளட்டும். ஏசி, பாட்டு இரண்டையும் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போக்குவரத்து இல்லாத சாலையில் மூன்றாவது கியரில் 1,500-லிருந்து 4,500 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றுங்கள். எந்த ஆர்பிஎம்மில் முழக்கம் தூக்கலாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தால் அதுவும் பதிவில் இருக்கும். வீட்டுக்கு வந்து, அந்த ஆர்பிஎம்மை மேலே சொன்ன கணக்கில் போட்டு, ஆப் காட்டும் எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அது எக்ஸாஸ்டே அல்ல. டயர், வீல் பேரிங், இன்ஜின் மவுண்டிங் என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

வெறும் டெசிபல் மீட்டர் ஆப்பை நம்பாதீர்கள். காதின் போக்குக்கு ஏற்பத் திருத்திய 'ஏ' அளவையைத்தான் அவை பெரும்பாலும் காட்டும். அந்த அளவையில் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 19 டெசிபலும், 63 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 26 டெசிபலும் கழித்துவிடுவார்கள். உங்கள் மண்டையைக் குடையும் முழக்கம் இருப்பதோ இந்த இடத்தில்தான். மீட்டர் 'பரவாயில்லை' என்று சொல்லும், தலை ஒப்புக்கொள்ளாது.

3. லீக்கை ஒழித்துவிட்டு மேலே போங்கள்

பழைய வண்டியில் 'சத்தம் கூடிவிட்டது' என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லீக்கை. சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் போயிருந்தால், காலையில் குளிர்ந்த இன்ஜினில் 'டிக் டிக்' என்று ஆர்பிஎம்மோடு சேர்ந்து வேகமெடுக்கும் ஒலி வரும். இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கிப்போகும். இந்த ஒலியை டேப்பட் சத்தம் என்று நினைத்து வால்வு கிளியரன்ஸ் பார்க்கக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அடுத்து ஃப்ளெக்ஸ் பைப். இன்ஜின் ஆடும்போது குழாய் முறியாமல் இருக்க வைத்திருக்கும் அந்த வலைப் பின்னல் துண்டு கிழிந்தால் 'புஸ்ஸ்' என்று ஒரு கரகரப்பு வரும். ஸ்பீடு பிரேக்கரில் அடிபட்டுக் கிழிவதும் இதுதான்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த ஈரத்துணியால் டெயில் பைப் வாயைச் சில நொடிகள் அடைத்துப் பிடிக்க, இன்னொருவர் முன்னாலிருந்து பின்னால் வரை காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சீறல் வரும் இடம்தான் லீக். இணைப்புகளைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருந்தால் அதுவே சாட்சி. மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

லீக் சத்தத்தோடு நிற்காது. ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் குழாய்க்குள் அழுத்தம் ஒரு கணம் தாழும், அப்போது ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இப்படி நடந்தால், பெட்ரோல் குறைவாக எரிகிறது என்று கணினி தப்புக்கணக்குப் போட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றும். மைலேஜ் போகும்.

4. மேனிஃபோல்டும் ஹெடரும்

கம்பெனி கொடுக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் குழாய்கள் குட்டையாக இருக்கும், ஒன்றின் அடி இன்னொன்றில் போய் மோதும். கனத்த இரும்பு என்பதால் உலோக ஒலி வெளியே கசியாது. அதைக் கழற்றிவிட்டுத் தனித்தனிக் குழாய்கள் கொண்ட ஹெடரை வைத்தால் இரண்டு மாற்றங்கள் நடக்கும். அடிகள் ஒழுங்கான இடைவெளியில் வந்து சேரும். மெல்லிய குழாய்ச் சுவர் வழியாக ஒரு கணீர் ஒலி இன்ஜின் அறையிலிருந்தே கிளம்பும்.

நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் சிலிண்டர்கள் அடிக்கும் வழக்கமான வரிசை 1-3-4-2. '4-2-1' ஹெடரில், அதாவது நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் வகையில், 1-ஐ 4-உடனும், 2-ஐ 3-உடனும் சேர்ப்பார்கள். ஜோடியாகச் சேரும் இரண்டும் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் அடிப்பவை என்பதால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. நடு ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும். '4-1' ஹெடர் உச்ச ஆர்பிஎம்முக்கானது, ஒலியும் கூர்மையாக இருக்கும். அன்றாடம் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

குழாய் நீளம் குரலை எப்படி மாற்றும் என்பதற்கு சுபாரு டபிள்யூஆர்எக்ஸைவிடத் தெளிவான ஆதாரம் கிடையாது. அதன் படுக்கை நான்கு சிலிண்டர் இன்ஜின் சம இடைவெளியில்தான் அடிக்கிறது. ஆனால் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து கிடப்பதால், பழைய மாடல்களின் ஹெடரில் ஒரு பக்கக் குழாய் நீளம், மறு பக்கம் குட்டை. அடிகள் முன்பின்னாக வந்து சேர்ந்து உலகப் புகழ்பெற்ற அந்தக் குடுகுடுப்பு பிறந்தது. அதே இன்ஜினில் சம நீள ஹெடரை மாட்டினால் குடுகுடுப்பு காணாமல் போய்விடும். இன்ஜினுக்குள் ஒரு ஸ்க்ரூகூட மாறியிருக்காது.

இப்போது வரும் பல டர்போ இன்ஜின்களில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.0 டிஎஸ்ஐ அப்படிப்பட்டதுதான். அதற்கு 'ஹெடர் போட்டுத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் நைசாகக் கிளம்பிவிடுங்கள்.

5. டர்போ, கேட், ஃபில்ட்டர்: கை வைக்காதீர்கள்

டர்போவுக்குள் இருக்கும் டர்பைன் சக்கரம் சுழல்வதே எக்ஸாஸ்ட் அடிகளின் ஆற்றலில்தான். அதனால் டர்போ கார்களில் அடிகளின் கூர்மை அங்கேயே மழுங்கிவிடும். அதே அளவு மஃப்ளரைப் போட்டாலும் டர்போ இல்லாத காரைவிட அவை அடக்கமாக இருப்பது இதனால்தான். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் (சுருக்கமாக 'கேட்') இருக்கும் பீங்கான் தேன்கூட்டில் ஒரு சதுர அங்குலத்துக்கு நானூறு, அறுநூறு துளைகள். அந்த நுண்ணிய துளைகளில் உயர் அலைவரிசை ஒலிகள் உரசித் தேய்ந்துபோகும். கேட்டை எடுத்தால் வரும் அந்தச் சீறலும் தகர ஒலியும் அதுவரை கேட் விழுங்கிக்கொண்டிருந்தவை. ஐரோப்பாவில் 2018 வாக்கில் பெட்ரோல் கார்களுக்கும் துகள் ஃபில்ட்டர் வந்தபோது ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் 'குரல் போச்சு' என்று புலம்பியதும் இதே காரணத்தால்தான்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் முதல் நிமிடம் சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கேட்டைச் சூடாக்கக் கணினி வேண்டுமென்றே செய்வது. ஐடிலை ஏற்றி, ஸ்பார்க்கைத் தாமதித்து, சூடான வாயுவைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கோளாறு இல்லை.

சத்தத்துக்காகக் கேட்டை எடுப்பது சட்டப்படி தப்பு. செக் இன்ஜின் விளக்கு எரியும், கேபினுக்குள் நாற்றம் வரும். அதற்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. 'எடுத்துவிடலாம் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

6. மஃப்ளருக்குள் என்ன இருக்கிறது

சத்தத்தை அடக்க இரண்டு வழிதான் இருக்கிறது. ஒலியை ஒலியாலேயே மோதவிட்டு அழிப்பது ஒன்று. பஞ்சு போன்ற பொருளில் உறிஞ்சவைப்பது மற்றொன்று.

முதல் வகை அறைகள் கொண்ட பெட்டி. குறுகிய குழாயிலிருந்து ஒலி திடீரென அகலமான அறைக்குள் நுழையும்போது ஒரு பகுதி திரும்பி எதிரொலிக்கும். எவ்வளவு திரும்பும் என்பதை அறையின் குறுக்குப் பரப்பு தீர்மானிக்கிறது. 2 அங்குலக் குழாயும் 6 அங்குல விட்டமுள்ள பெட்டியும் இருந்தால் பரப்பு ஒன்பது மடங்கு, உச்சமாக 13 டெசிபல் அடங்கும். பெட்டியை 8 அங்குலமாக்கினால் 18 டெசிபல். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ பாதியாகத் தெரியும், ஆகவே இது சாதாரண வித்தியாசம் அல்ல. கம்பெனிக்காரர்கள் பம்பருக்கு அடியில் அவ்வளவு பெரிய பெட்டியைத் திணித்து வைப்பதும், குட்டிக் குடுவை போட்டதும் சத்தம் எகிறுவதும் இதனால்தான்.

அறையின் நீளமும் முக்கியம். உள்ளே வாயு 300 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால் ஒலி நொடிக்கு 480 மீட்டர் வேகத்தில் போகும். 45 செ.மீ. நீளமுள்ள வெற்றுப் பெட்டி 267 ஹெர்ட்ஸை நன்றாக அடக்கும். ஆனால் அதன் இரு மடங்கான 533 ஹெர்ட்ஸை அப்படியே வெளியே விட்டுவிடும், பெட்டியே இல்லாதது போல. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஒரே பெட்டிக்குள் தடுப்புகள் வைத்து வெவ்வேறு நீளத்தில் மூன்று அறைகள் செய்து, குழாய்களை முன்னும் பின்னுமாக மடித்து விடுகிறார்கள். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். பழைய மஃப்ளர் ஒன்றை யாராவது அறுத்து வைத்திருந்தால் ஒரு முறை எட்டிப் பாருங்கள். வெளியே சப்பையான தகர டப்பா, உள்ளே ஓட்டை போட்ட மூன்று குழாய்களும் இரண்டு சுவர்களும் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது வகையில் நேராக ஒரு துளையிட்ட குழாய் போகும், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்திருக்கும். 'ஃப்ரீ ஃப்ளோ' என்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இதுதான். சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் கரகரப்பையும் சீறலையும் பஞ்சு நன்றாக உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் முழக்கத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே இது மேல் ஒலிகளை வழித்துவிட்டு அடி ஒலியை மட்டும் அப்படியே அனுப்புகிறது. நாள்பட நாள்பட பஞ்சு எரிந்து பறந்துபோனால் மேல் ஒலிகளும் திரும்பி வரும். போட்ட புதிதில் கம்பீரமாக இருந்த குடுவை வருடக்கணக்கில் ஓடிய பிறகு காலி டப்பா போல் அலறுவது அதனால்தான். வாங்கும்போது உள்ளே என்ன பஞ்சு, மறுபடி அடைக்க முடியுமா, பஞ்சுக்கும் குழாய்க்கும் நடுவே ஸ்டீல் வலை இருக்கிறதா என்று கேளுங்கள். வலை இருந்தால் பஞ்சு எளிதில் பறக்காது.

அன்றாடம் ஓட்டும் டர்போ இல்லாத சிறிய காருக்கு என் கருத்து இதுதான்: குழாயின் நடுவில் இருக்கும் ரெசனேட்டரை (சத்தம் அடக்கும் இன்னொரு பெட்டி) தொடாதீர்கள். பின் பெட்டியை மட்டும், அதே அளவுள்ள, அறையும் பஞ்சும் கலந்த பெட்டியாக மாற்றுங்கள். கம்பீரம் கொஞ்சம் கூடும், நிம்மதி கெடாது. இரண்டையும் எடுத்துவிட்டுக் குடுவை ஒன்றை மட்டும் வைப்பதுதான் முழக்கத்துக்கு நேர்வழி.

பெட்டியின் அடியில் ஊசித்துளை போல ஒன்று இருக்கும். அது ஓட்டை விழுந்தது அல்ல, வேண்டுமென்றே வைத்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பக்கத்துத் தெருவரை மட்டும் போய் வரும் கார்களில் பெட்டி சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும், தண்ணீர் உள்ளேயே தங்கித் துருவைக் கிளப்பும். அந்தத் துளையை வெல்டிங் வைத்து அடைத்துவிடாதபடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. முழக்கத்தை மட்டும் குறிவைத்து எடுப்பது

காருக்குள் இருக்கும் காற்றுக்கும் ஒரு சொந்த அலைவரிசை உண்டு. உள்நீளம் இரண்டு மீட்டர் என்றால் அது 87 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். நான்கு சிலிண்டர் இன்ஜின் இந்த எண்ணைத் தொடுவது சுமார் 2,600 ஆர்பிஎம்மில். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டும் ஆர்பிஎம்மும் கிட்டத்தட்ட அதுவேதான். எக்ஸாஸ்ட் கொடுக்கும் ஒலியும் கேபினின் ஒலியும் கைகோத்துக்கொள்வதுதான் அந்தத் தலைவலி.

இதை அடக்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர். காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுரம் வருமே, அதே பாட்டில்தான், குழாயின் பக்கவாட்டில் மாட்டியிருப்பார்கள். தன்னுடைய சுரத்தை மட்டும் குழாயிலிருந்து பிடித்து நிறுத்திவிடும். மற்றொன்று ஒரு முனை அடைத்த பக்கக் குழாய். வளைத்து மாட்டுவதால் 'ஜே பைப்' என்கிறார்கள். உள்ளே போன அலை அடைப்பில் மோதித் திரும்பி, நேர் எதிர்க் கட்டத்தில் வந்து சேர்ந்து மூல ஒலியை அழிக்கும். இதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும்: ஒலியின் வேகத்தை, அலைவரிசையின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும்.

தப்பு நடப்பது இங்கேதான். 90 ஹெர்ட்ஸை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றில் ஒலியின் வேகமான 349 மீட்டரைப் போட்டால் 97 செ.மீ. வரும். ஆனால் குழாய்க்குள் காற்று சுடுகிறது. பக்கக் குழாயில் ஓட்டம் இல்லாததால் முதன்மைக் குழாயைவிடச் சூடு குறைவு என்றாலும், சராசரி 250 டிகிரி இருந்தால் வேகம் 458 மீட்டர், நீளம் 127 செ.மீ. முப்பது சென்டிமீட்டர் வித்தியாசம்! 97 செ.மீ. வைத்தவருக்கு அடங்கப்போவது 118 ஹெர்ட்ஸ், அதாவது 3,500 ஆர்பிஎம் ஒலி. முழக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும், செலவு மட்டும் ஆகியிருக்கும்.

சரியான சூட்டை முன்கூட்டியே யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் கணக்கில் வந்ததைவிட 15 செ.மீ. நீளமாகவே குழாயை மாட்டச் சொல்லுங்கள். மூடியை முழு வெல்டிங் வைக்காமல் புள்ளி வைத்து, இடுக்கைத் தற்காலிகமாக எக்ஸாஸ்ட் பேஸ்ட்டால் அடைத்து, அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடேற்றி, மறுபடி பதிவு செய்து பாருங்கள். அடங்கும் ஒலி தேவையைவிடக் கீழே இருந்தால் கொஞ்சம் அறுத்துக் குட்டையாக்கலாம். குட்டையாக இருப்பதை நீட்டுவதுதான் கஷ்டம். பக்கக் குழாயின் விட்டம் முதன்மைக் குழாய்க்கு நெருக்கமாக இருக்க வேண்டும், மெல்லியதாக வைத்தால் வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். அடிப்பகுதியில் இடம் இருக்கிறதா, சூடு பெட்ரோல் டேங்கையோ பிரேக் லைனையோ தொடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. குழாயும் முனையும்

'பேக் பிரஷர் (வாயு வெளியேறுவதற்குக் குழாய் தரும் எதிர்ப்பு) இல்லை என்றால் டார்க் (இழுவிசை) போய்விடும்' என்று பரவலாகச் சொல்வார்கள். போவது என்னவோ உண்மை, காரணம்தான் வேறு. தேவைக்கு மேல் அகலமான குழாயில் வாயு வேகம் இழக்கிறது, ஒரு சிலிண்டரின் ஓட்டம் அடுத்ததை இழுத்து விடும் வேலை நடக்காமல் போகிறது. 1.2 லிட்டர் காருக்கு இரண்டரை அங்குலக் குழாய் போட்டால் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை தளரும், ஒலியும் உள்ளீடற்றதாகிவிடும். இருக்கும் விட்டத்தைவிட அதிகபட்சம் கால் அங்குலம் கூட்டினால் போதும். வளைவுகளில் குழாய் நசுங்காமல் மாண்ட்ரல் முறையில் வளைத்திருக்க வேண்டும்.

பின்னால் பளபளக்கும் முனைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. அழகுக்கு மாட்டிக்கொள்ளுங்கள், 'பேஸ்' வரும் என்று பணம் கொடுக்காதீர்கள். ஆனால் முனை பம்பருக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் பம்பர் பிளாஸ்டிக் உருகும், புகையும் டிக்கிக்குள் நுழையும்.

9. வால்வும் வெடியும்

இரண்டு மனநிலையும் வேண்டும் என்கிறவர்களுக்கு வால்வு வைத்த எக்ஸாஸ்ட். குழாயில் ஒரு பட்டாம்பூச்சித் தகடு, மூடினால் ஒலி முழுப் பெட்டியையும் சுற்றி வரும், திறந்தால் குறுக்குவழியில் போகும். 2018 ஃபோர்டு மஸ்டாங்கில் அதிகாலை நேரத்துக்கு டைமர் வைத்து அமைதியாக ஸ்டார்ட் செய்யும் வசதியே வந்தது, அக்கம்பக்கத்தாரை மனதில் வைத்து. வெளிச் சந்தையில் வாங்கும் மலிவான வால்வுகள் சூட்டில் இறுகிப் பாதி திறந்த நிலையில் மாட்டிக்கொள்ளும், பிறகு எப்போதும் கரகரதான்.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வரும் 'பட் பட்' வெடிகளை மேப்பிங் (இன்ஜின் கணினியின் அமைப்பு) மாற்றி வரவைக்கிறார்கள். எரியாத பெட்ரோலைச் சூடான குழாய்க்குள் அனுப்பி அங்கே எரியவிடுவதுதான் அது. கேட் இருக்கும் காரில் இதைத் தொடர்ந்து செய்தால் உள்ளிருக்கும் பீங்கான் உருகி வழி அடைபடும். விளையாட்டுக்கு ரொம்ப விலை.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் வண்டியின் சத்தத்தில் பெரும்பங்கு இன்ஜினுக்குள் நடக்கும் எரிதலின் தட்டல். பின்னால் எதை மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

10. மாட்டிய பிறகு

முதல் நூறு கிலோமீட்டரில் புது வெல்டிங், பெயிண்ட், பஞ்சின் பசை எல்லாம் கருகி நாற்றமும் லேசான புகையும் வரலாம். அதன் பிறகு வண்டி குளிர்ந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். தொங்கவிடும் ரப்பர்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். பெட்டி கனமானால் பழைய ரப்பர் இழுபட்டுக் குழாய் பின் ஆக்ஸிலில் போய்த் தட்டும், அந்த 'டக்' சத்தத்தை சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்து அலைய வேண்டி வரும். இரண்டாவது படியில் செய்த பதிவை அதே சாலையில், அதே கியரில் மீண்டும் செய்து ஒப்பிடுங்கள்.

சட்டம் இங்கே கண்டிப்பானது. இந்தியாவில் பயணிகள் கார் விற்பனைக்கு வரும் முன் நடக்கும் கடந்து செல்லும் சோதனையில் 74 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பிரிவு 190(2)-இன் கீழ், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி மற்றும் காற்று மாசு விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியும் போகும். சாலையில் நிறுத்தும் போலீஸ்காரர் உங்கள் ஹெர்ட்ஸ் கணக்கைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்.

கழற்றிய பழைய பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அறுப்பதாக இருந்தால் இணைப்புத் தகடு இருக்கும் இடத்திலோ, திரும்பக் கிளாம்ப் போட்டு மாட்டும்படி நேரான பகுதியிலோ அறுக்கச் சொல்லி, வீட்டுக்கு எடுத்து வந்து உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்து, வாயில் துணி அடைத்துப் பரணில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போதும், இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு சர்வேயர் வந்து பார்க்கும்போதும் அது தேவைப்படும்.